அனல் மலையின் சுனைகள்

ஐம்பூதத் தலங்களுள் திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. ஆயினும் அம்மலையடியில் மனிதர் குடியேறி வாழ்ந்த வரலாற்றை வகுத்தது நீரே ஆகும். ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் காலத்துக் கல்வெட்டுகள் இவ்வூரை அருணசமுத்திரம் என்றும் குறிக்கின்றன. மலையின் தென்புறத்துப் பேரேரிக்கும் சமுத்திரம் என்றே பெயர். கடலுக்கு நெடுந்தொலைவில் இருந்துகொண்டு ஏரியைக் கடலென்று அழைத்த நாவில் பெருமிதத்தினும் தாகமே மிகுதி எனலாம்.

இந்நிலத்தின் இயல்பு அத்தகையது. கீழே கரும்பாறை, அதன்மேல் சிதைந்த பாறையும் மண்ணும் கலந்த மெல்லிய படுகை. பெய்த மழையில் அப்படுகை ஏந்திக்கொண்டதே கோடையில் கிணற்று நீராகும். மலை மொட்டையாகிவிட்டால் மழைநீர் தங்காது ஓடிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓராண்டு பொய்த்தாலும் சித்திரையில் கிணறுகள் அடி காட்டும்.

1896இல் இவ்வூருக்கு வந்த ரமணர், 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். கோடையில் அங்கு நீர் கிடைப்பதில்லை. ஆதலால் அவரும் உடனுறைந்த அடியவர்களும் வேனில்தோறும் முலைப்பால் தீர்த்தத்தை அடுத்த மாமரத்துக் குகைக்கு இடம் பெயர்ந்தனர். நீரைத் தம் இடத்துக்கு வரவழைக்கும் வசதி அவர்களுக்கு இல்லை; நீர் இருந்த இடத்துக்குத் தாம் சென்றனர். 1916இல் கந்தாசிரமத்துக்குக் குடிபெயர்ந்தபோது, இடவசதியோடு அங்கிருந்த வற்றாத சுனையும் துணையாயிற்று. 1922இல் அன்னை அழகம்மை மறைந்தபின், மலையின் தென்னடிவாரத்தில் பாலி தீர்த்தத்துக்கு அருகே அவருக்குச் சமாதி அமைந்தது. அவ்வாண்டின் இறுதியில் ரமணரும் அங்கு வந்து தங்க, ஆசிரமம் உருவாயிற்று, கிணறும் தோண்டப்பட்டது. குகை, சுனை, குளம், கிணறு என்னும் இவ்வரிசையே அச்சிறு சமூகத்தின் நீர் வரலாறு.

அவ்வரலாற்றில் மறக்கலாகாத பகுதி ஒன்றுண்டு. ரமணர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததைச் சூரி நாகம்மா தம் தெலுங்குக் கடிதங்களில் பதிவு செய்திருக்கிறார். புல் அறுக்க விடியலிலேயே மலையேறிய ஏழைப் பெண்கள், சுமையோடு உச்சி வெயிலில் இறங்கி வருவர். அப்பக்கத்தில் நீர் இருந்தது முலைப்பால் தீர்த்தத்தில் மட்டுமே. தாழ்த்தப்பட்ட குலத்தினர் என்பதால் அதனைத் தொட அவர்களுக்கு அனுமதியில்லை. அவர்கள் ரமணரிடம் வந்து குனிந்து நின்று, முதுகில் நீர் ஊற்றுமாறு கேட்பார்கள். பின்னர் கை குவித்து அருந்துவார்கள். அவர்கள் வரும் வேளை அறிந்து அவர் முன்கூட்டியே நீர் எடுத்துவைத்திருப்பார்.

இந்நிகழ்ச்சியைக் கருணைக்குச் சான்றாகக் காட்டுவதோடு நிறுத்திவிடுதல் போதாது. வறட்சி என்பது வானம் செய்வது மட்டுமன்று என்பதும் இதில் தெரிகிறது. தீர்த்தத்தில் நீர் இருந்தது. அப்பெண்களுக்கு அது இல்லாமற்போனது மனிதர் வகுத்த வறட்சி. அதே நீரைக் குகையில் இருந்தவர்களும் சிக்கனமாகவே பயன்படுத்த வேண்டியிருந்தது. அந்தச் சிக்கனத்தினுள்ளும் பிறர்க்கென ஒரு பங்கு இருந்தது.

பின்வந்த காலம் வேறு. மலையடிவாரத்தில் வீடுகளும் விடுதிகளும் பெருகின. 1958இல் தென்பெண்ணையின் குறுக்கே கட்டிமுடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் நீர் நகருக்கு வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் பாறைப் பிளவுகளைத் தேடி இறங்கின. அப்பிளவுகளில் உறிஞ்சியது மீண்டும் ஊற நெடுங்காலம் வேண்டும். 1988இல் அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் தோன்றி, மொட்டையாகிக் கிடந்த சரிவுகளில் மரம் நடும் பணி தொடங்கியது. 2003இல் மழைநீர் சேகரிப்பு தமிழகமெங்கும் கட்டாயமாயிற்று. எனினும் 2016இன் வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்து, 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

சரிவில் நட்ட மரமும் தூர்வாரிய குளமும் நீரைப் பெருக்கும். பெருகிய நீர் யாருக்கு என்ற கேள்வி அதன்பின்னும் நிற்கும். அதற்கு இம்மலையில் முன்பே ஒரு விடை உண்டு: உச்சி வேளையில் வரவிருப்போருக்காக எடுத்துவைக்கப்பட்ட நீர்.