தொன்மமும் வழிபாடும்: நடுநாட்டில் பாரதம்

தொன்மம் கற்பனையென்றும் சமயம் நம்பிக்கையென்றும் பிரித்துப் பேசுவது எளிது. இரண்டில் எது முந்தியது என்பதே ஆய்வாளரிடை நெடுங்காலம் நடந்த வழக்கு. சடங்கே முந்தியது, அதற்கு விளக்கமாகக் கதை பின்னர் எழுந்தது என 1889-இல் வெளியான தம் நூலில் இராபர்ட்சன் சுமித் வாதிட்டார். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துப் பாரத வழிபாடு இவ்வழக்கிற்கு வேறொரு சான்றினை அளிக்கின்றது. இங்கே கதை முந்தி வந்தது. வந்த கதையைச் சடங்கு மாற்றி அமைத்தது.

வியாச பாரதத்தில் திரௌபதி வேள்வித்தீயில் பிறந்த அரசி. நம் ஊர்களிலோ அவள் கோயில் கொண்ட அம்மன். செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியை அவ்வழிபாட்டின் தாயகமாக மக்கள் கருதுகின்றனர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட தம் ஆய்வு நூல்களில் செஞ்சிப் பகுதியையே இதன் மையமாகக் கொண்டார். திருவிழாக் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். இரவில் கூத்து நடக்கும். பின்னர் களிமண்ணால் பெரிதாய்ச் செய்த துரியோதனன் உருவில் படுகளமும், அதன்பின் தீமிதியும் நிகழும். அம்மனுக்குக் காவலாய்ப் போத்துராசாவும், இசுலாமியரான முத்தால் ராவுத்தரும் நிற்பர். எந்த வடமொழி ஏட்டிலும் இல்லாத இக்காவலரை இம்மண்ணே கதைக்குள் சேர்த்தது.

அரவான் கதையும் அவ்வாறே வளர்ந்தது. வியாசர் பாடலில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மடிகிறான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலோ அவன் போருக்கு முன்னரே களப்பலி ஆகிறான். மணமாகாது மடிபவனுக்கு ஓரிரவு மனைவியாகக் கண்ணன் மோகினி வடிவம் கொண்டான் என்பது மக்கள் வழக்கு. முன்னர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்த கூவாகத்தில், சித்திரைப் பெருவிழாவின்போது திருநங்கையர் கூத்தாண்டவர்க்குத் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தாலியறுத்து, வளையுடைத்து, வெள்ளுடுத்து அழுகின்றனர். நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்ளும் ஊர் ஆடவரும் உளர்.

மடிந்த இளைஞனுக்கு ஆண்டுதோறும் அழுவது உலகிற்குப் புதிதன்று. மெசொப்பொத்தேமியப் பெண்டிர் தம்மூசுக்கு அழுதனர். கிரேக்கப் பெண்டிர் அடோனிசுக்கு அழுதனர். எருசலேம் ஆலய வாயிலில் தம்மூசுக்காக அழுத பெண்டிரை விவிலியத்தின் எசேக்கியேல் நூல் பழித்துரைக்கின்றது. இன்று அக்கதைகள் ஏட்டில் உள்ளன, அழுவார் இல்லை. கதை நிற்க, சமயம் மறைந்தது. கூவாகத்திலோ சமுதாயம் புறந்தள்ளியோர் தம் துயருக்கு அக்கதையில் இடம் கண்டனர். அதனால் அது இன்னும் உயிரோடு இருக்கின்றது.

ஆயின் கதை கோயிலாகுங்கால் அதற்குச் சுவரும் வாயிலும் வந்துவிடுகின்றன. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள திரௌபதியம்மன் கோயிலில் பட்டியலின மக்கள் நுழைவது 2023-இல் தடுக்கப்பட்டது. பூசல் மூளவே அவ்வாண்டு சூன் திங்களில் அதிகாரிகள் கோயிலுக்கு முத்திரையிட்டனர். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில் காவலர் பாதுகாப்புடன் அம்மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர். நிறைந்த அவையில் நீதி கேட்டு நின்றவள் திரௌபதி. அவள் வாயிலிலேயே மக்கள் நீதி கேட்டு நிற்க நேர்ந்தமை எண்ணத்தக்கது.

ஒரே பாரதம் ஓரிடத்தில் விலக்கப்பட்டோரை மணக்கோலத்தில் ஏற்றது. மற்றோரிடத்தில் அதன் பெயராலேயே வாயில் அடைபட்டது. தொன்மம் கேட்போர் அனைவர்க்கும் உரியது. சமயம் உரிமை பற்றிய வினாவை எழுப்புவது. கதை சமயத்தை ஈன்றது என்பதோடு நம் கடமை முடிவதில்லை. சமயம் தன்னை ஈன்ற கதையை மறக்குந்தோறும் அதனை நினைவூட்டுவோர் வேண்டும். தெருவில் விடியவிடிய நின்று ஆடிய கூத்தர் அதனைச் செய்தனர். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்க்கும் அப்பணியில் பங்குண்டு.