பல்வலிக்கு மருந்தாக வந்த புகையிலை: சுருட்டு முதல் மின்-சிகரெட் வரை

புகையிலை என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது நுரையீரல்தான். ஆனால் புகை முதலில் நுழையும் இடம் வாய் அல்லவா? பல், ஈறு, நாக்கு, அண்ணம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் அது உள்ளே போகிறது.

கேட்டால் வியப்பாக இருக்கும், ஐரோப்பாவில் புகையிலை பரவியதே மருந்து என்ற பெயரில்தான்! ஸ்பெயினின் செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ் 1571-ல் எழுதிய நூலில், புகையிலை தீர்க்கும் நோய்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் தந்தார். அதில் பல்வலியும் உண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604-ல் புகையிலையைக் கண்டித்து ஒரு சிறுநூலே எழுதினார். கேட்பார் யாருமில்லை.

வாய் சொன்ன சாட்சி

1795-ல் ஜெர்மானிய மருத்துவர் சோம்மரிங், குழாயில் புகைப்பவர்களுக்கு உதட்டில் புற்றுநோய் வருவதைக் குறிப்பிட்டார். அதன்பின் புகழ்பெற்ற இருவரின் வாழ்க்கையே அதற்குச் சாட்சியானது.

ஒருவர் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் யுலிசஸ் கிராண்ட். ஓயாமல் சுருட்டு பிடித்தவர். 1884-ல் ஒரு பீச் பழத்தைக் கடித்தபோது தொண்டையில் கடும் வலி. புற்றுநோய்! மோசடியில் பணத்தையெல்லாம் இழந்திருந்த அவர், குடும்பத்துக்கு ஏதாவது விட்டுச் செல்ல வேண்டுமென்று வலியோடு தன் நினைவுக் குறிப்புகளை எழுதினார். எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று இறந்தார்.

மற்றவர் உளவியல் மேதை சிக்மண்ட் பிராய்டு. 1923-ல் அவருக்கு வாயில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மேல்தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். 16 ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். மனித மனத்தை அலசியவராலேயே சுருட்டை விட முடியவில்லை! நிக்கோட்டினின் பிடி அப்படி.

"இது பாதுகாப்பானது!"

1881-ல் ஜேம்ஸ் பான்சாக் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சிகரெட் மலிந்தது. டென்மார்க்கின் பல் மருத்துவ ஆய்வாளர் பின்ட்போர்க் 1947-லேயே ஈறு நோய்க்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பை எழுதினார். 1950-களில் மக்கள் அஞ்சத் தொடங்கியதும் வடிகட்டி வைத்த சிகரெட்டுகள் வந்தன. 1952-ல் வந்த கென்ட் சிகரெட்டின் வடிகட்டி பாதுகாப்பு என்று விளம்பரம் செய்யப்பட்டது. அதில் இருந்ததோ, தானே புற்றுநோய் தரக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ்!

1964-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை, குழாய்ப் புகை உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணம் என்று ஏற்றது. ஈறு நோய்க்குப் புகைப்பழக்கமே ஒரு காரணம் என்று அதே அலுவலகம் உறுதியாகச் சொல்ல 2004 ஆகிவிட்டது.

மின்-சிகரெட் வந்த கதை

புகையில்லா சிகரெட்டுக்கு அமெரிக்கர் ஹெர்பர்ட் கில்பர்ட் 1965-லேயே காப்புரிமை பெற்றார், ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. 2003-ல் சீன மருந்தாளுநர் ஹான் லிக் இன்றைய மின்-சிகரெட்டுக்கு வித்திட்டார். அவரும் புகைப்பவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்.

வாய்க்கு இரண்டில் எது மோசம்? மின்-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. அதனால் தார் இல்லை, பல்லில் கறையும் குறைவு. சிகரெட்டில் உள்ள புற்றுநோய்ப் பொருட்கள் பலவும் இதில் மிகக் குறைந்த அளவிலேயே இருக்கின்றன. இது உண்மை.

மறுபக்கமும் உண்டு. நிக்கோட்டின் எந்த வடிவில் வந்தாலும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஈறு கெட்டுக்கொண்டிருந்தாலும் இரத்தம் கசியாது, நோய் மறைந்தே வளரும். திரவத்தில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை இழுத்து வாயை உலர்த்தும். பல்லைக் காக்கும் உமிழ்நீர் குறைந்தால் சொத்தைக்கு வழி திறந்துவிடும். இனிப்புச் சுவை சேர்ந்த பிசுபிசுப்பான திரவம் கிருமிகள் பல்லில் ஒட்டிக்கொள்ள உதவும்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2018-ல் எல்லா ஆய்வுகளையும் அலசின. புகைப்பவர் மின்-சிகரெட்டுக்கு மாறினால் ஈறு நோய் குறையலாம் என்பதற்கும், புகைக்காதவரின் வாய்த் திசுக்களை அதன் ஆவி கெடுக்கலாம் என்பதற்கும் ஓரளவே சான்றுகள் உள்ளன என்றன. இந்தியா 2019-ல் மின்-சிகரெட் விற்பனையைத் தடை செய்தது.

வாய்ப் புற்றுநோய் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். மின்-சிகரெட்டுக்கோ வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சிகரெட்டை அடியோடு விட்டு இதற்கு மாறியவருக்குத் தீமை குறையலாம். எதையும் தொடாத இளைஞருக்கோ இதில் லாபம் என்று ஒன்றுமே இல்லை. மருந்து என்றார்கள், வடிகட்டி என்றார்கள், இப்போது ஆவி என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாக்குறுதி முதலில் வந்தது, உண்மை பின்னால்தான் வந்தது. இடையில் விலை கொடுத்தவை மனிதர்களின் வாய்கள்!