எச்சம் விற்ற தீவும் ஆமை விற்ற தீவும்

ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டின் தென்கோடியில் அமைதி தேடுவோர் முன் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும்: ஹெரன், லேடி எலியட். முன்னதற்குக் கிளாட்ஸ்டனிலிருந்து இரண்டு மணி நேரப் படகுப் பயணம்; பின்னதற்குப் பண்டபர்க் போன்ற ஊர்களிலிருந்து சிறு விமானம், அதுவும் புல்தரையில் இறங்கும். முன்னதன் கரை வெண்மணல். பின்னதன் கரையில் பெரும்பாலும் உடைந்த பவளம், வெறுங்காலோடு நடக்க முடியாது. இவையெல்லாம் சுற்றுலாக் கையேட்டிலேயே உண்டு. கையேடு அடக்கி வாசிப்பது, இவ்விரு தீவுகளும் முன்பு செய்த வியாபாரத்தை.

லேடி எலியட்டில் 1863 தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள் பறவை எச்சத்தை வெட்டி உரமாக ஏற்றுமதி செய்தார்கள். எச்சத்தோடு மேல்மண்ணும் போயிற்று, மரங்களும் போயின. எஞ்சிய பசுமையை ஆடுகள் மேய்ந்தன. ஹெரனில் 1920-களில் ஆமைச் சூப்பைத் தகரத்தில் அடைக்கும் ஆலை எழுந்தது. இரவில் முட்டையிடக் கரையேறும் பேராமையை மல்லாக்கப் புரட்டிவிட்டால் போதும். விடிந்து வந்து தூக்கிக்கொள்ளலாம். அங்கே நிலத்தையே விற்றார்கள். இங்கே நிலத்தை நம்பி வந்த உயிரை விற்றார்கள்.

காயம் வேறு என்பதால் மருந்தும் வேறாயிற்று. ஹெரனின் காடு பிழைத்திருந்ததால் அங்கே தேவைப்பட்டது விலக்கு மட்டுமே. ஆலை சில ஆண்டுகளில் படுத்தது. 1930-களில் தங்கும் விடுதி வந்தது. 1943-இல் தேசியப் பூங்கா அறிவிப்பும் வந்தது. லேடி எலியட்டை விட்டு விலகியிருந்தால் மட்டும் ஒன்றும் நடந்திருக்காது. மொட்டைத் தரையில் விதை விழுந்தாலும் வேர்பிடிக்க மண் வேண்டுமே! 1969-இல் டான் ஆடம்ஸ் என்பவர் விமான ஓடுதளம் அமைத்தார். கையோடு மரக்கன்றுகளையும் நட்டார். சுற்றுலா என்றாலே இயற்கைக்குக் கேடு என்று பேசிப் பழகியவர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இது சற்றுச் சங்கடமான உதாரணம். வாசலைத் திறந்த கைதான் காட்டையும் வளர்த்தது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் புலப்படும் உறவு இது: அன்று மூட்டையிலும் தகரத்திலும் ஏற்றப்பட்டவைதான் இன்று ஆட்களைப் படகிலும் விமானத்திலும் வரவழைக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை இரு கரைகளிலும் பேராமைகள் முட்டையிடுகின்றன. பார்வையாளர் விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். பறவைகளும் இரண்டிலும் திரள்கின்றன. அவற்றின் எச்சம் மரத்துக்கு உரமாகிறது, மழையில் கரைந்து பவளத்திட்டுக்கும் சத்தாகிறது.

‘அமைதியான தீவு’ என்ற விளம்பரத்தையும் இங்கே எடைபோட வேண்டும். வாகன இரைச்சல் இல்லை என்பது உண்மை. ஆனால் கோடை இரவுகளில் ஹெரனின் தரைக்குள் வளை தோண்டி வாழும் ஷியர்வாட்டர் பறவைகள் பச்சைக் குழந்தை வீறிடுவதுபோல் விடியவிடிய ஓலமிடும். மெல்லிய உறக்கக்காரர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டுபோவது நல்லது. லேடி எலியட்டின் பெருமை நீருக்குள்: கூட்டமாக வரும் மாண்டா திருக்கைகள் இறக்கை விரித்து ஓசையே இல்லாமல் கடந்துபோகும். இரவுக்கு ஹெரன், பகலுக்கு லேடி எலியட் என்பேன்.

பிசோனியா மரத்தில் இந்த ஒப்பீடு கூர்மையடைகிறது. நம் ஊர்த் தோட்டங்களில் நிற்கும் லச்சகொட்டைக் கீரைக்கு மிக நெருங்கிய உறவு அது. ஹெரனில் அது காடாகவே நிற்கிறது. நாடி எனப்படும் கரிய ஆலாக்கள் அதன் உதிர்ந்த இலைகளை எச்சத்தால் ஒட்டிக் கூடு கட்டுகின்றன. அம்மரத்தின் விதையோ பிசினும் கொக்கியுமாக இறகில் அப்பிக்கொள்ளும். ஒன்றிரண்டு ஒட்டினால் பறவை அதை வேறு தீவுக்குச் சுமந்துபோகும். கொத்தாக ஒட்டினால் பறக்க முடியாமல் மரத்தடியில் கிடந்து சாகும், உடல் அதே வேருக்கு உரமாகும். லேடி எலியட்டில் அந்த மரத்தை மனிதர்களே நட்டு, நீரூற்றி வளர்க்கிறார்கள். ஹெரனில் விதை அப்பிய பறவையைக் கண்டு பதறும் விருந்தினரிடம், அதன் போக்கில் விடுங்கள் என்று சொல்வதே தேசியப் பூங்காவின் நியாயம். நட்டு வளர்ப்பது, அதன் போக்கில் விடுவது என எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டில், காடழிந்த தீவில் முதலாவது இல்லாமல் இரண்டாவதைப் பேசவே வாய்ப்பில்லை.