கொதிக்கும் கல்லும் அதன் உள்வெளியும்

1756-இல் ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்ஸல் கிரான்ஸ்டெட் ஒரு கனிமத்தை ஊதுகுழல் நெருப்பில் காட்டினார். அது கொதிப்பதுபோல் நுரைத்துப் பொங்கியது. கொதித்தலுக்கும் கல்லுக்கும் உரிய கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் அதற்கு 'ஜியோலைட்' என்று பெயரிட்டார். பொங்கியது கல்லுக்குள் இருந்த நீர். அந்நீர் திண்மையான கல்லுக்குள் எங்கே தங்கியிருந்தது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அதுவரை அறிஞர்கள் கல்லின் நடத்தையை மட்டுமே அறிந்திருந்தனர். 1840-இல் பிரான்சின் தமூர், நீர் நீங்கிய பின்னும் படிகம் உருக்குலையாமல் நின்று மீண்டும் நீரை ஏற்பதைக் கண்டார். சிறிய மூலக்கூறுகளை உள்ளே விட்டுப் பெரியவற்றைத் தடுக்கும் இதன் இயல்பை வைத்து, 1932-இல் மக்பெயின் 'மூலக்கூறுச் சல்லடை' என்ற பெயரைத் தந்தார். இதற்கிடையே 1930-இல் லைனஸ் பாலிங்கும் டெய்லரும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு சில இயற்கை ஜியோலைட்டுகளின் கட்டமைப்பைக் கண்டறிந்தனர். சிலிக்கான் அல்லது அலுமினிய அணு நடுவிலும், நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் மூலைகளிலும் அமைந்த நான்முகிகள் மூலையோடு மூலை இணைந்து, கூண்டுகளும் கால்வாய்களும் நிறைந்த ஒரு சட்டகம் ஆகின்றன. நீர் தங்கியது அந்த உள்வெளியில்தான்.

ஆனால் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்ட செயற்கை ஜியோலைட்டுகள் பெரும்பாலும் நுண்ணிய பொடியாகவே விளைந்தன. தனிப்படிகம் எக்ஸ் கதிர்களை முப்பரிமாணத்தில் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறடிக்கும். பொடியிலோ எண்ணற்ற துகள்கள் எல்லாத் திசைகளிலும் கிடப்பதால், அப்புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒற்றைக் கோட்டுப் படமாகச் சுருங்கிவிடுகின்றன. 1969-இல் நெதர்லாந்தின் ரீட்வெல்ட் வெளியிட்ட முறை இச்சிக்கலைப் பெரிதும் தணித்தது. எனினும் அம்முறைக்கு ஓரளவு சரியான மாதிரி முன்னதாகவே கையில் இருக்க வேண்டும்.

இதனால் பயன்பாடு அறிவை முந்திச் சென்றது. மொபில் நிறுவனத்தாரின் இசட்.எஸ்.எம்.-5 காப்புரிமை பெற்றது 1972-இல். அதன் கட்டமைப்பு வெளியானதோ 1978-இல். நேர்க் கால்வாய்களும் வளைந்து செல்லும் கால்வாய்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்றும், வாயில்கள் பத்து ஆக்ஸிஜன்கள் கொண்ட வளையங்கள், அகலம் சுமார் 0.55 நானோமீட்டர் என்றும் அப்போது தெரிந்தது. பாலியஸ்டருக்கு மூலப்பொருளான பாரா-சைலீன் தன் ஒல்லியான வடிவால் இவ்வாயிலை எளிதில் கடந்துவிடுகிறது. அதன் உடன்பிறப்புகளான ஆர்த்தோவும் மெட்டாவும் உள்ளேயே தயங்குகின்றன.

எந்த ஒரு கருவியும் இங்கே முழுச் சாட்சி ஆகாது என்பதற்கு 1980-களின் தொடக்கத்தில் எழுந்த விவாதத்தை நாம் சான்றாகக் கொள்ளலாம். இரண்டு அலுமினியங்கள் ஒரே ஆக்ஸிஜனைப் பகிர்ந்து அண்டை வீட்டாராக அமைவதில்லை என்பது 1954-இல் லோவன்ஸ்டைன் வகுத்த விதி. 'ஜியோலைட்-ஏ'யில் சிலிக்கானும் அலுமினியமும் சமம். ஆகவே ஒவ்வொரு சிலிக்கானையும் நான்கு அலுமினியங்கள் சூழ வேண்டும். அணுக்கரு காந்த ஒத்திசைவு காட்டிய குறிப்போ மூன்றே இருப்பதுபோல் தோன்றியது. விதியே பொய்த்துவிட்டதோ எனச் சிலர் கருதினர். அதே சட்டகத்தில் சிலிக்கான் மிகுந்த வகைகளை ஒப்பிட்ட பின்னரே, பிணைப்புக் கோணங்களின் இறுக்கம் அக்குறிப்பை இடம்பெயர்த்திருந்தது என்பது புலனாயிற்று. விதி நிலைத்தது.

2007-இல் ஐ.எம்.-5 இன் கட்டமைப்பு தீர்ந்ததும் இத்தகைய கூட்டுச் சாட்சியத்தால்தான். அதன் ஓர் அலகுக் கூட்டில் 288 சிலிக்கான் இடங்கள். அவற்றுள் அமைப்பால் வேறுபட்டவை 24. பொடியின் எக்ஸ் கதிர்த் தரவு, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படங்கள் ஆகிய இரண்டும் சேர்ந்தே அதற்கு விடை தந்தன.

இன்று 250-க்கும் மேற்பட்ட சட்டக வகைகள் அட்டவணையில் உள்ளன. ஆயினும் வினையூக்கம் பெரும்பாலும் நிகழும் இடம், அலுமினியத்தின் அருகே அமிலத் தன்மையுடன் நிற்கும் ஹைட்ரஜன். அலுமினியத்தில் 13 எலக்ட்ரான்கள், சிலிக்கானில் 14. எக்ஸ் கதிர்கள் இவற்றைப் பிரித்தறியத் திணறுகின்றன. வீட்டின் வரைபடம் நம் கையில் இருக்கிறது. அடுப்பு எந்த அறையில் எரிகிறது என்பதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.