கனரக லாரியின் பின்னச்சு

கனரக லாரியின் பின்னச்சு என்பது லாரியின் பின்பகுதிச் சுமையைத் தாங்குவதுடன், எந்திரத்தின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்கு அளிக்கும் தொகுதி ஆகும். இதன் வெளிப்புற உலோகக் கூடு அச்சுக்கூடு எனப்படும். பட்டறைகளில் இது ஹவுசிங் என்றே வழங்கப்படுகிறது. கூட்டின் நடுவில் உள்ள பற்சக்கரத் தொகுதி டிஃபரன்ஷியல் ஆகும். மாட்டுவண்டியின் அச்சு தமிழில் இருசு எனப்படும். அது சுமையை மட்டுமே தாங்குகிறது. லாரியின் பின்னச்சோ சுமை தாங்குதல், சக்கரத்தை இயக்குதல் ஆகிய இரண்டையும் செய்கிறது.

பழுதடைந்த பின்னச்சுக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்துவது லாரிப் பட்டறைகளில் வழக்கமான வேலை ஆகும். புறத்தோற்றத்தில் ஒத்திருக்கும் இரண்டு அச்சுகள் பல்விகிதத்திலும் தாங்குதிறனிலும் வேறுபடக்கூடும். எனவே அச்சைச் சரியாக இனங்காணுதல், மாற்றும் வேலையின் முதற்படி ஆகும்.

தூத்துக்குடியில் பயன்பாடு

முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையில் அமைந்த துறைமுகம் 1974 ஆம் ஆண்டில் இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டில் இதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. நிலக்கரி, உரம், கொள்கலன்கள், காற்றாலை இறகுகள் முதலியன இங்குக் கையாளப்படுகின்றன. சுற்றியுள்ள உப்பளங்களின் உப்பும் லாரிகளில் வெளியூர்களுக்குச் செல்கிறது. மதுரைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 38, திருநெல்வேலிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 138 ஆகியன இப்போக்குவரத்தின் முதன்மைச் சாலைகள் ஆகும்.

கடற்காற்றும் உப்புநீரும் அச்சுக்கூட்டைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. அச்சின் மீதுள்ள அடையாளத் தகடு முதலில் அழிகிறது. இதனால் கடலோரத்தில் ஓடிய வண்டியின் அச்சை எழுத்துகளைக் கொண்டு மட்டும் இனங்காண இயலாமற் போகிறது. அளவெடுத்தலும் பற்களை எண்ணுதலும் தேவைப்படுகின்றன.

அமைப்பு

எந்திரத்தின் சுழற்சி கியர் பெட்டியிலிருந்து புரொப்பெல்லர் தண்டு வழியாகப் பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தை அடைகிறது. பினியன், கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு செல்ல வேண்டியுள்ளது. இவ்விரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் இடமளிக்கிறது. இத்தகைய அமைப்புக்குப் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர் 1827 இல் காப்புரிமை பெற்றார்.

கனரக லாரிகளில் பெரும்பாலும் முழுமிதவை வகை அச்சே உள்ளது. இதில் சுமை முழுவதையும் அச்சுக்கூடும் சக்கர பேரிங்குகளும் தாங்குகின்றன. உள்ளிருக்கும் அச்சுத்தண்டு சுழற்சியை மட்டும் கடத்துகிறது. ஆகவே சக்கரத்தைக் கழற்றாமலேயே அச்சுத்தண்டை வெளியே இழுக்கலாம்.

அச்சுக்கூடுகளில் பான்ஜோ வகை பரவலானது. நடுவில் வட்டமாகவும் இருபுறமும் நீண்டும் இருப்பதால், பான்ஜோ என்ற இசைக்கருவியின் பெயர் இதற்கு ஏற்பட்டது. இவ்வகையில் பற்சக்கரத் தொகுதியை மட்டும் முன்புறமாகக் கழற்றி மாற்ற இயலும். கூடு வண்டியிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரிலுள்ள ஆக்சில்ஸ் இந்தியா நிறுவனம் அச்சுக்கூடுகளைத் தயாரிக்கிறது. மைசூரிலுள்ள ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் நிறுவனம் கனரக அச்சுகளைத் தயாரிக்கிறது.

பல்லச்சு லாரிகள்

பத்துச் சக்கர லாரியில் பின்புறம் இரண்டு அச்சுகள் உள்ளன. அசோக் லேலண்டு நிறுவனத்தின் டாரஸ் என்ற லாரியின் பெயரே தமிழ்நாட்டில் இவ்வகை லாரிகளுக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. சிலவற்றில் பின்னச்சுகள் இரண்டும் இயங்குகின்றன. வேறு சிலவற்றில் ஒன்று மட்டும் இயங்க, மற்றொன்று சுமையை மட்டும் தாங்குகிறது. இரண்டும் இயங்கும் வண்டியில் அவ்விரண்டின் பல்விகிதமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இனங்காணும் முறைகள்

* அடையாளத் தகடு: அச்சின் வகை, தொடர் எண், பல்விகிதம் ஆகியவை இதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

* வார்ப்பு எண்: கூட்டின் மீது புடைத்திருக்கும் எண் வார்ப்பை மட்டுமே குறிக்கிறது. ஒரே வார்ப்பைப் பலவாறு கடைந்து வெவ்வேறு உறுப்புகளாக ஆக்குவதுண்டு. எனவே இவ்வெண்ணை மட்டும் நம்புதல் கூடாது.

* பற்களின் எண்ணிக்கை: கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் பல்விகிதம் கிடைக்கும். 41 பற்களும் 6 பற்களும் கொண்ட இணையின் விகிதம் 6.83, 37-க்கு 6 எனில் 6.17; 41-க்கு 7 எனில் 5.86.

* சக்கரத்தைச் சுழற்றுதல்: கூட்டைத் திறக்காமல் விகிதத்தை அறிய, இரு பின்சக்கரங்களையும் தரையிலிருந்து உயர்த்திக் கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மற்றதை இருமுறை சுழற்றினால், புரொப்பெல்லர் தண்டு சுழலும் எண்ணிக்கையே பல்விகிதம் ஆகும். இம்முறை ஒற்றை இயக்க அச்சுக்குப் பொருந்தும்.

* அளவுகள்: ஸ்பிரிங் இருக்கைகளுக்கு இடைப்பட்ட தொலைவு, யூ போல்ட் இடைவெளி, பினியன் விளிம்பின் துளைகள், பிரேக் டிரம்மின் விட்டமும் அகலமும், சக்கர போல்ட்டுகளின் எண்ணிக்கை ஆகியன ஒப்பிடப்படுகின்றன.

சக்கர மையத்திலும் பற்சக்கரங்கள் கொண்ட அச்சுகள் சுரங்க டிப்பர்களில் உள்ளன. அவற்றில் நடுவிகிதத்தையும் மைய விகிதத்தையும் பெருக்கினால்தான் மொத்த விகிதம் கிடைக்கும்.

மாற்றும் முறை

நிறுத்தப் பிரேக் பெரும்பாலான லாரிகளில் பின்சக்கரங்களில் செயல்படுகிறது. பின்னச்சை உயர்த்தியவுடன் அப்பிடிப்பு இல்லாமற் போவதால், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தல் இன்றியமையாதது. பிரேக் அறையினுள் அழுத்தப்பட்ட வலுவான ஸ்பிரிங் உள்ளது. அதைத் திருகு போல்ட்டால் கட்டுப்படுத்தாமல் அறையைப் பிரித்தால் ஸ்பிரிங் வெடித்து வெளியேறி உயிரிழப்பை ஏற்படுத்தக்கூடும். அச்சு பல நூறு கிலோகிராம் எடையுள்ளது. ஜாக்கியின் மேல் மட்டும் வண்டியை நிறுத்தாமல், உறுதியான தாங்கிகளின் மேல் அடிச்சட்டத்தை நிறுத்த வேண்டும்.

அதன்பின் எண்ணெய் வடிக்கப்பட்டு, அச்சுத்தண்டுகள், புரொப்பெல்லர் தண்டு, காற்றுக் குழாய்கள், யூ போல்ட்டுகள் ஆகியன கழற்றப்படுகின்றன. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட இணை ஆதலால், ஒன்றை மட்டும் மாற்றுதல் கூடாது. இணையைப் பொருத்தும்போது பற்களுக்கு இடைப்பட்ட தளர்வு அளக்கப்படுகிறது. பற்களில் சாயம் பூசிச் சுழற்றி, அவை தொடும் இடமும் பார்க்கப்படுகிறது. புதிய அச்சைப் பொருத்தியபின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு இருபுறமும் சமமாக உள்ளதா எனச் சரிபார்க்கப்படும். முதல் சுமை ஓட்டத்திற்குப் பின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்குவது வழக்கம்.

பொருந்தாத அச்சின் விளைவுகள்

6.83 விகித அச்சுக்குப் பதிலாக 5.86 விகித அச்சைப் பொருத்தினால் இழுவிசை குறைகிறது; அதே எந்திரச் சுழற்சியில் வேகம் கூடுகிறது. கியர் பெட்டியிலிருந்து வேகத்தை அறியும் வண்டியில் வேகமானி 80 கிலோமீட்டர் எனக் காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 93 கிலோமீட்டராக இருக்கும். அதே உணரியைக் கொண்ட வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் பிழையாகச் செயல்படும். இரட்டை இயக்க அச்சுகளில் விகிதம் வேறுபட்டால், இடைப்பட்ட டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாது சுழன்று சூடேறித் தேய்கிறது. பிரேக் டிரம் அளவு மாறினால் பிரேக் பிடிப்பு இருபுறமும் அல்லது அச்சுகளுக்கிடையே சமமின்றிப் போகலாம்.

சட்ட வரம்புகள்

இந்தியாவில் 2018 ஜூலையில் அச்சுச்சுமை வரம்புகள் உயர்த்தப்பட்டன. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டை அச்சின் வரம்பு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் உயர்ந்தன. வலுவான அச்சைப் பொருத்துவதால் ஒரு வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள எடை உயர்வதில்லை. சட்டகம், பிரேக், டயர் ஆகியனவும் அவ்வெடையைத் தீர்மானிக்கின்றன. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தின்படி மிகைச்சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் ஆகும்.

கடலோரப் பராமரிப்பு

அச்சுக்கூட்டின் மேல் சிறு காற்றுத்துளை உள்ளது. உப்பும் சேறும் அதை அடைத்தால், சூடேறிய காற்றின் அழுத்தத்தால் எண்ணெய் சீல்களைக் கடந்து பிரேக் லைனிங்கை அடைகிறது. பிரேக் பிடிப்பு குறைகிறது. உப்புச் சுமை இறக்கியபின் நன்னீரால் கழுவுதல், காற்றுத்துளையைத் தூய்மை செய்தல், பல்விகிதத்தையும் வகை எண்ணையும் வண்டியின் பதிவேட்டில் எழுதி வைத்தல் ஆகியன பயன் தரும். தகடு அழிந்தாலும் அடுத்த முறை அச்சை மாற்றுபவருக்கு அக்குறிப்பு வழிகாட்டும்.