கீபோர்ட் வாங்க முதல் கொஞ்சம் வரலாறு

எங்கள் கூட்டுக்கு ஒரு அரேஞ்சர் கீபோர்ட் வேணும். கையில் இருக்கிற காசு கொஞ்சம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறினதோடு, புதுக் கீபோர்ட் எண்டது கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற சாமானாகிவிட்டது. பழசு ஒன்றை வாங்கி, அதோடு ஒரு பழைய சவுண்ட் மொடியூலைச் சேர்த்தால் என்ன எண்டு யோசித்தோம். எதை எதோடு சேர்க்கலாம் எண்டு தேடப்போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தோம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அரேஞ்சரில் இடது கையால் ஒரு கோர்ட்டைப் பிடித்தால், டிரம்ஸ், பேஸ், கிற்றார் எல்லாவற்றையும் அந்தக் கோர்ட்டுக்கு ஏற்ற மாதிரி மெஷினே வாசிக்கும். வலது கைக்கு மெட்டு மட்டும்தான் வேலை. மொடியூல் எண்டது கட்டைகள் இல்லாத பெட்டி. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம் எண்ட செய்தி கீபோர்டிலிருந்து வயர் வழியாக வரும். சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வரும்.

பெட்டிக்குள் வாத்தியம் வருவது எங்கள் பக்கத்துக்குப் புதுசில்லை. 1842இல் பாரிசில் டெபான் காப்புரிமை எடுத்த ஆர்மோனியத்தை, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் துருத்தி அமுக்கிற சின்னப் பெட்டியாக்கினார். தமிழகத்து நாடகக் குழுக்களோடு அது இலங்கைக்கு வந்து இசைநாடக மேடையில் உட்கார்ந்தது. ஆனால் அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கியே வைத்தது. கட்டைக்குக் கட்டை தாவுகிற வாத்தியத்தில் கமகம் வராது எண்டது பெரிய குற்றச்சாட்டு. இன்றைக்குக் கீபோர்டைப் பற்றிச் சொல்வதும் அதேதான்! பிட்ச் பெண்ட் சில்லு அதற்குப் பாதிப் பதில். ஆகவே அந்தச் சில்லு இல்லாத கீபோர்டை எங்கள் பாட்டுகளுக்கு வாங்கவே கூடாது எண்டது எங்கள் கட்சி.

அடுத்த கதை ஜப்பானில். 1981இல் கசியோ கம்பனி எம்டி-40 எண்ட சின்னக் கீபோர்டை விட்டது. அதில் 'ராக்' எண்ட பட்டனுக்குள் இருந்த தாளத்தைச் செய்தவர் ஒக்குடா ஹிரோகோ எண்ட இளம் பெண். 1985இல் ஜமெய்க்காவில் அதே பட்டனை அமுக்கி, அந்தத் தாளத்தின் மேல் வெய்ன் ஸ்மித் பாடினார். கிங் ஜாமி தயாரித்தார். ரெகே இசை டிஜிட்டலுக்குத் திரும்பியது அந்த ஒரு பாட்டோடுதான் எண்டு சொல்வார்கள். விலை குறைஞ்ச பெட்டி எண்டு ஒன்றையும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது எண்டதற்கு எங்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கு. யாரோ ஒருவர் ஓர் அறையில் இருந்து செய்த தாளம்தான் பட்டனுக்குள் கிடக்கும். யாரும் செய்து வைக்காத தாளம் கிடக்காது.

இது பெரிதாகத் தெரிவது 1991இல். 1983இல் மிடி எண்ட பொது மொழி வந்தபின் ஒரு கம்பனியின் கீபோர்ட் இன்னொரு கம்பனியின் பெட்டியோடு பேசத் தொடங்கியிருந்தது. 1991இல் ஜெனரல் மிடி எண்ட ஒழுங்கு வந்து 128 வாத்தியங்களுக்கு நம்பர் போட்டது. 1 பியானோ. 105 சிதார். 112 ஷெனாய். நாதஸ்வரம் இல்லை, வீணை இல்லை. பத்தாம் சனலில் 47 தாளச் சத்தங்கள்: பொங்கோ, கொங்கா, பிரேசில்காரரின் குயிக்கா வரைக்கும் உண்டு. தபேலா, மிருதங்கம், பறை, உடுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியல் எழுதப்பட்ட வருடத்தில், மன்னார்த் தீவிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்து முகாம்களில் இருந்தன. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்கில் பற்றறிக்கே தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். வாத்தியப் பட்டியலில் எங்கள் மத்தளத்தையும் சேருங்கோ எண்டு கேட்க இங்கிருந்து யார் போயிருப்பார்?

பிறகு யமஹா, ரோலண்ட், கசியோ எல்லாம் இந்தியச் சந்தைக்கெண்டே மொடல்கள் விட்டன. யமஹா பிஎஸ்ஆர்-ஐ455, ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 மாதிரி. தபேலா வந்தது, நல்லம். மாதோட்டப்பாங்கு, யாழ்ப்பாணப்பாங்கு எண்டு மன்னார்க் கூத்தில் இரண்டு பாங்கு இருப்பது அந்தப் பெட்டிகளுக்குத் தெரியாது.

ஆகவே எத்தனை நூறு சத்தம் இருக்கெண்டு எண்ணுவதை விட்டோம். நாங்களே ஒரு ஸ்டைலைப் பதிய, அல்லது வெளியிலிருந்து ஏற்ற முடியுமா எண்டதுதான் எங்கள் முதல் கேள்வி. இரண்டாவது, பின்பக்கம் ஐந்து ஊசி மிடி அவுட் ஓட்டை. இன்றைய மலிவு மொடல்களில் பெரும்பாலும் யுஎஸ்பி மட்டும்தான். அது பழைய மொடியூலோடு நேரடியாகப் பேசாது. (கைப்பேசியையே மொடியூலாக வைக்கலாம் எண்பார்கள். வைக்கலாம், கோல் வருமட்டும்.)

மொடியூலில் ஒரு சிக்கல். 1991இல் வந்த ரோலண்ட் எஸ்சி-55 இன்றைக்கும் வேலை செய்யும்; அந்த 128 நம்பரும் மாறவில்லையே. ஒரே நேரத்தில் 24 குரல் மட்டும்தான், சின்ன மேடைக்கு அது போதும். ஆனால் யமஹா ஸ்டைல்கள் ஒன்பதாம், பத்தாம் சனல் இரண்டிலும் டிரம்ஸ் அனுப்பும். ஜெனரல் மிடிக்குப் பத்தில் மட்டும்தான் டிரம்ஸ் தெரியும். அப்படியே இணைத்தால் ஒன்பதில் தாளம் விழ வேண்டிய இடத்தில் பியானோ டொக் டொக்கெண்டு தட்டும். யமஹா கீபோர்டெண்டால், 1994இல் அவர்கள் கொண்டுவந்த எக்ஸ்ஜி ஒழுங்கில் ஓடுகிற எம்யு வரிசைப் பெட்டிதான் தோது. அடாப்டரையும் மாற்றிக் குத்த வேண்டாம்: யமஹா கீபோர்டினதும் எஸ்சி-55இனதும் வோல்ற்று வேறு, பிளஸ் மைனஸ் பக்கமும் வேறு.

உப்புக்குளத்துக் காற்றையும் கணக்கில் எடுக்கத்தான் வேணும். கட்டைக்குக் கீழே ரப்பர் கொன்டாக்ட் இருக்கு. ஈரமும் உப்பும் தூசியும் ஏறினால் சில கட்டை ஊமையாகும், சில கட்டை எப்படித் தொட்டாலும் கத்தும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன ஊரில், பற்றறியில் ஓடுகிற கீபோர்டுக்கு ஒரு புள்ளி கூடப் போடுகிறோம்.

அடுத்த கிழமை கொழும்பில் ஒரு பழைய பிஎஸ்ஆரைப் பார்க்கப் போகிறோம். ஆறு பற்றறி, ஒரு ஹெட்போன், ஒரு மிடி வயர் கொண்டு போகிறோம். 61 கட்டையையும் ஒவ்வொன்றாக, முதல் மெதுவாக, பிறகு பலமாகத் தட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவது. சரிவந்தால் அண்ணாவியார் ஒருவரிடம் போய் மத்தள அடியைக் கேட்டு, அதையே முதல் ஸ்டைலாகப் பதிவோம்.