திருகோணமலையில் நின்ற வெள்ளைக்காரக் கப்பல்

உச்சிப்புளியில் ஹெலிகாப்டர் பறந்தால் ஊர்க்காரர்கள் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. 2009-ல் 'ஐ.என்.எஸ். பருந்து' என்று பெயர் சூட்டப்பட்ட கடற்படை விமானத் தளம் அங்கே இருக்கிறது. பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கண்காணிப்பது அதன் வேலை. இந்தக் கடலைப் பார்த்து முதலில் பயந்தது நாமல்ல, எதிர்க்கரை.

1948 பிப்ரவரி 4 அன்று இலங்கைக்குச் சுதந்திரம். ஆனால் முந்தைய நவம்பர் 11-ஆம் தேதியே பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. கொடி இறங்கியது, திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படையும் கட்டுநாயக்கவில் விமானப்படையும் அப்படியே இருந்தன. பாதுகாப்பு, வெளியுறவு இரண்டையும் பிரதமரே கவனிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருந்தது. அந்த நாற்காலியில் இருந்த டி.எஸ். சேனநாயக்கவுக்கு, போகிற எஜமானைவிடப் பக்கத்து வீட்டுப் பெரியவர்மேல்தான் சந்தேகம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்தானே!

அந்தச் சந்தேகத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். உச்சிப்புளியைத் தாண்டி, மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் கிடந்து, ரயிலும் கப்பலும் ஏறிப் போன தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். உள்ளூர் ஓட்டுக் கணக்கும் அதில் உண்டு. ஆனால் அவர்களை இந்தியாவின் நீண்ட கையாகப் பார்த்த பயத்தை ஒதுக்கிவிட்டு அந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

போகிற எஜமானுக்குப் பயப்படுவதா, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயப்படுவதா? சோவியத் ஒன்றியம் உடைந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. எஸ்டோனியாவும் லாட்வியாவும் பழைய எஜமானுக்குப் பயந்து, 1994-க்குள் ரஷ்யப் படையை வெளியேற்றின. அர்மீனியாவோ துருக்கிக்குப் பயந்து, கியூம்ரியில் ரஷ்யத் தளத்தை வைத்துக்கொண்டது. சேனநாயக்க அர்மீனியா வழி.

வேடிக்கை என்னவென்றால், இலங்கை ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தபோது, பிரிட்டிஷ் தளங்கள் இருக்கும் நாடு என்ன சுதந்திர நாடு என்று வீட்டோ போட்டது அதே சோவியத்தான். 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வயிறு வேறு கொள்கை பேசியது. கொரியப் போர்க்கால விலையேற்றம் சரிந்து ரப்பர் விழுந்தது, அரிசி கிடைக்கவில்லை. கம்யூனிசத்தைத் திட்டிக்கொண்டிருந்த சேனநாயக்கவின் கட்சி அரசே, தூதரக உறவுகூட இல்லாத சீனாவோடு 1952-ல் ரப்பருக்கு அரிசி என ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது. தளங்களைப் பிரிட்டனிடமிருந்து திரும்பப் பெற்றவர் பின்னால் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, 1957-ல்.

முப்பது ஆண்டு கழித்துப் பயம் இக்கரைக்கு வந்தது. 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இந்திய நலனுக்குக் கேடாகத் திருகோணமலையோ வேறு எந்தத் துறைமுகமோ பிற நாட்டு ராணுவத்துக்குத் தரப்படாது என்று எழுதி வாங்கினோம். பிரிட்டிஷார் அங்கே கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்கும் என்பதும் அதில் சேர்ந்தது.

கடலில் கோடு கிழித்த 1974 பற்றி அடுத்த வாரம்.